எங்கள் ஊராட்சிக்கு நான் அடித்த பிளெக்ஸ்

மதுரைப் பக்கம் ஒருவர் பிறந்துவிட்டார் என்பதற்கோ இறந்துவிட்டார் என்பதற்கோ அரசாங்கம் தருகிற சான்றிதழை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பிளெக்ஸ் வைத்தால்தான் கணக்கு. காதுகுத்து, புது டிராக்டர், வெளிநாடு போன மச்சான் திரும்பி வந்தது என்று எல்லாவற்றுக்கும் இங்கே பிளெக்ஸ் உண்டு. (நான் பிளஸ் டூ பாஸ் ஆனதற்கும் ஒன்று வைத்தார்கள். அதில் என் முகத்தைவிட என் தாய்மாமன் மீசை பெரிதாக இருந்தது.) ஆகவே ஒருவரைப் பிளெக்ஸில் செத்தவராக்கிவிட்டால், அவரே நேரில் வந்து மறுத்தாலும் ஜனங்கள் கொஞ்சம் யோசித்துத்தான் நம்புவார்கள்.

இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்த மதினியை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி, பஞ்சவர்ணம். சடச்சிகுளம் ஊராட்சி மன்றத் தலைவர். சடச்சிகுளம், திருநகரைத் தாண்டி, திருமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் ஊர். அதில் எங்களுடையது தெற்குத் தெரு. எங்கள் தாத்தா காலம் வரைக்கும் வடக்குத் தெருக்காரர்களின் வயலில் கூலிக்கு நின்ற குடும்பங்கள். இப்போது எங்களில் கொத்தனார் உண்டு, நர்ஸ் உண்டு, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்பவர்கள் உண்டு, கார் ஷோரூமில் டை கட்டிக்கொண்டு நிற்கும் என்னைப் போன்ற அறிவாளியும் உண்டு. தலைவர் பதவி எங்கள் சமூகத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கீடு வந்த தேர்தலில் மதினி நின்றார், ஜெயித்தார். எங்கள் தெருவிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

நாற்காலியில் உட்கார்ந்த மதினிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சுடுகாட்டுக்குப் பாதை.

சிரிக்காதீர்கள். எங்கள் தெருவுக்குச் சுடுகாடு உண்டு, போகிற வழிதான் கிடையாது. இடையில் வடக்குத் தெரு சீனிச்சாமியின் வயல் இருக்கிறது. அவர் யாரையும் இறங்க விடமாட்டார். அதனால் வாய்க்காலுக்குள் இறங்கித் தண்ணீரில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் அப்பாவைக் கொண்டுபோன அன்று நல்ல மழை. இடுப்பளவு தண்ணீரில் அண்ணன் வழுக்கி விழுந்து, பாடை ஒரு பக்கமாகச் சரிந்தது. நாங்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டோம். அவர் மேல் கிடந்த மாலைகளைப் பிடிக்க முடியவில்லை, தண்ணீரோடு போய்விட்டன. அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த மதினி, மற்ற பெண்களோடு கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. தலைவரானதும் போட்ட முதல் தீர்மானம் மட்டும் அந்தப் பாதைக்கானது.

சீனிச்சாமி வயல் ஓரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும், ஊராட்சியே பாதை போட்டுவிடும். மதினி மாதம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போவார். "அண்ணே, பாதை விஷயம்" என்பார். அவர் "பாப்போம் பாப்போம்" என்பார். (எங்கள் அப்பா அவரை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். மதினி தலைவரானதும் "அண்ணே"க்கு மாறினார். சீனிச்சாமி அதைக் கவனித்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மதினியைத் "தலைவர்" என்று சொன்னதும் இல்லை. "இந்தாம்மா"தான்.) ஊராட்சி என்று ஒன்று இருந்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு மனுஷனை மசிய வைத்துவிடலாம் என்பது மதினியின் நம்பிக்கை.

அந்த நேரத்தில்தான் ஊராட்சியையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மாநகராட்சியின் எல்லையைப் பெரிதாக்கி, சுற்றியிருக்கிற ஊராட்சிகளை அதோடு சேர்க்கப் போகிறார்களாம். சேர்த்தால் ஊராட்சி மன்றம் கிடையாது, கிராமசபை கிடையாது, தலைவர் கிடையாது. தெற்குத் தெருச் சுடுகாட்டுப் பாதை, எங்கேயோ நகரத்து அலுவலகத்தில் ஒரு பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இருந்தாலும் சேர்ப்பதற்கு முன் ஜனங்களின் கருத்தைக் கேட்பார்கள். திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஒவ்வொரு ஊராகக் கூப்பிடுவார்கள், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்.

"ஊரோட போய் நின்னு சொல்லணும் தம்பி. அம்புட்டுப் பேரும் வரணும். வடக்குத் தெரு, தெற்குத் தெரு எல்லாம்" என்றார் மதினி.

ஆச்சரியம் என்னவென்றால், வடக்குத் தெருவும் வருவதாகச் சொன்னது. வீட்டு வரி ஏறும் என்று அவர்களுக்குப் பயம். நூறு நாள் வேலை போய்விடும் என்று எங்கள் தெருப் பெண்களுக்குப் பயம். சடச்சிகுளம் சரித்திரத்தில் இரண்டு தெருவும் ஒரே வேனில் ஏற ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் வேன்களுக்குச் சொல்லிவிட்டார். மதினி பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. நான் மட்டும் சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் நான் ஷோரூமில் நடந்த விளம்பர வாசகப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன். (பரிசு ஒரு குக்கர். இன்று வரை விசில் வந்ததில்லை.) அதிலிருந்து, தமிழ்நாட்டின் பல பிரச்சினைகள் நல்ல வாசகம் இல்லாததால்தான் தீராமல் கிடக்கின்றன என்பது என் கருத்து. இதற்கும் ஒரு வாசகம் யோசித்தேன். ஷோரூம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. வந்ததும் எனக்கே புல்லரித்தது.

ஊராட்சி சாகப் போகிறது. அப்படியானால் ஊராட்சிக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தால் என்ன?

பழங்காநத்தத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் தாமு என் கூடப் படித்தவன். அவனிடம் ஓடினேன். "கண்ணீர் அஞ்சலி. எங்களைத் தவிக்கவிட்டு எங்கே போகிறாய், எங்கள் சடச்சிகுளம் ஊராட்சியே!" என்று எழுதிக்கொண்டு போனதை நீட்டினேன். கீழே, கூட்டத்துக்குத் திரண்டு வரும்படி ஒரு வரி.

தாமு இரண்டு தடவை படித்தான். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா வெறும் எழுத்தா இருந்தா எவன் வண்டிய நிறுத்திப் படிப்பான்? படம் வேணும்."

ஊராட்சி அலுவலகத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கினால் புகைமூட்டம் போல் ஆகிவிட்டது. "இது தாங்காது மாப்ள. உங்க மதினி படம் இருக்கா? அவுகதானே கூப்புடுறாக. அவுக படத்த நல்லாப் பெருசா வைப்போம். ஆபீஸ் படம் அடியில ஓரமாக் கிடக்கட்டும்."

மதினியின் நல்ல படம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. பதவி ஏற்ற அன்று எடுத்தது. கழுத்தில் மாலை.

தாமுவின் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலிக்கென்று ஆயத்தமாக ஒரு வடிவம் உண்டு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ரோஜா இதழ், மூலையில் அழுகிற ஒரு ஜோடிக் கண்கள். நடுவில் இருந்த பெரிய வட்டத்தில் மாலையோடு சிரிக்கிற மதினியை வைத்தான். "எங்கள் சடச்சிகுளம் ஊராட்சியே" என்ற வார்த்தைகளுக்கு இடம் போதவில்லை. எழுத்தைச் சின்னதாக்கி விளக்குக்குப் பின்னால் ஒதுக்கினான்.

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். திரையைப் பார்த்தவர், அவர்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார். தாமு மவுஸை விடாமல் என் பக்கம் தலையை ஆட்டி ஏதோ சொன்னான். அந்த அம்மா 'உச்' கொட்டினார். என் முதுகைத் தடவிக்கொடுத்து, "மனச தேத்திக்கப்பா" என்றார்.

என் எழுத்து ஒரு தாயின் மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்று முழுக்க அந்தப் பெருமையிலேயே திரிந்தேன்.

கூட்டத்தன்று விடியற்காலையில் தாமுவின் ஆட்கள் பிளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். ரோட்டு முக்கில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒன்று. மதினிக்கு நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. பார்த்து அசந்து போகட்டும் என்று இருந்தேன்.

அவர் பார்க்கவில்லை. அவரும் அண்ணனும் இருட்டு விலகும் முன்பே மொபெட்டை எடுத்துக்கொண்டு, குறுக்குப் பாதையில், எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த குக்கிராமங்களுக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

மற்றதைக் கற்பனை செய்துகொள்வது சிரமமில்லை. பால் ஊற்ற வந்தவன் பஸ் நிறுத்தத்தில் பார்த்திருக்கிறான். கண்ணீர் அஞ்சலி, மாலை போட்ட மதினி. வண்டியில் போகிறவனுக்கு அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது? போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டான். ஊர் மதினியின் போனுக்குக் கூப்பிட்டது. எடுக்கவில்லை. அண்ணன் போனுக்குக் கூப்பிட்டது. அவர் வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். வீட்டுக்கு ஓடிவந்தால் பூட்டு. "பெரியாஸ்பத்திரியில வச்சிருப்பாக, ஒடம்பு இனிமேத்தான் வரும்" என்று யாரோ ஒரு விவரமானவர் சொல்லிவிட்டார்.

நான் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, நான் குடியிருக்கும் திருநகரிலிருந்து வந்து சேர்ந்தபோது, எங்கள் வீட்டு முன்னால் ஊரே கூடி நின்றது. தெற்குத் தெருப் பெண்கள் மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வடக்குத் தெரு ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு நின்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பிளெக்ஸ் இம்புட்டு வேலை செய்யுமா! ஊராட்சியை எடுக்கிறார்கள் என்றதும் ஜனங்கள் இப்படிக் கதறுகிறார்களே என்று நினைத்து நானும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு மாரியம்மா அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டது. "போயிட்டாகளேய்யா... ஒன் மதினி நம்மள விட்டுட்டுப் போயிட்டாகளே!"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? "ஐயோ அக்கா, அது நான் வைத்த பிளெக்ஸ்" என்று சொல்லியிருப்பான். நான் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை பேர் அழுகிறார்கள், வீடு பூட்டியிருக்கிறது, வாசலில் ஐஸ் பெட்டி வண்டி வேறு நிற்கிறது. மதினி நிஜமாகவே செத்துவிட்டார் என்று நானும் நம்பிவிட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, "மதினி! மதினி!" என்று அலறினேன். எனக்குப் படிப்புக்குப் பீஸ் கட்டியது மதினி. டை கட்டத் தெரியாமல் நின்றபோது யூடியூபைப் பார்த்துக் கட்டிவிட்டது மதினி. எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று நான் அழுத அழுகை பொய்யில்லை.

என்னைத் தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அப்போது ஒரு பெரிய மாலையோடு சீனிச்சாமி வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவர் பூட்டிய கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே சார்ஜில் கிடந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எந்த வழியாக் கொண்டு போகப் போறீக?" என்று கேட்டார்.

வாய்க்காலில் அப்போது தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

"தலைவரம்மாவத் தண்ணிக்குள்ள எறக்க வேணாம். நம்ம வயலு வழியாக் கொண்டு போங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. தலைவரம்மா என்று சொன்னதை நான் கேட்டேன். ஊரே கேட்டது.

அடுத்த நிமிடம் தெருமுனையில் மொபெட் சத்தம். அண்ணன் ஓட்ட, பின்னால் மதினி.

கூட்டத்தைப் பார்த்ததும் மதினி வண்டி நிற்கும் முன்பே குதித்து இறங்கினார். "யாரு? யாருக்கு என்ன? ஏன் அழுகுறீக?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். மாரியம்மா அக்கா "ஆத்தீ!" என்று ஒரு சத்தம் போட்டு மயங்கி விழுந்தது. ஐஸ் பெட்டிக்காரர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்ப பெட்டிய எறக்கவா, வேணாமா?" என்று கேட்டார்.

விஷயம் விளங்க வெகுநேரம் ஆனது. விளங்கியதும் எல்லாக் கண்களும் என் மேல் திரும்பின. அண்ணன் செருப்பைக் கழற்றினார். மதினி அவரைத் தடுத்துவிட்டு, முதலில் சீனிச்சாமியிடம் போனார். அவர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வயலு வழியாப் போகலாம்னு சொன்னீகளாமே. ரொம்பச் சந்தோஷம். அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும்ண்ணே."

சீனிச்சாமி தரையைப் பார்த்தார். "அது செத்தவுகளுக்குச் சொன்னது" என்றார். "நீதான் இருக்கியேம்மா."

மாலையை எங்கள் வாசல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார். மதினி அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. செத்துப்போனதாகச் சொன்னபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

சரி, கூட்டத்துக்குக் கிளம்பலாம் என்றால், அங்கேதான் அடுத்த அடி. கேத வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வந்தவர்கள் தலைக்கு ஊற்றாமல் வேறு எங்கேயும் போகக்கூடாது. "யாரும் சாகலையேப்பா, இது எப்படிக் கேதம் ஆகும்?" என்று அண்ணன் மன்றாடினார். "மாலை வாங்கியாச்சு, மாரடிச்சாச்சு, இன்னும் என்னய்யா கேதம்? குளிக்காம ஒரு காரியத்துக்கு எப்படி வர்றது?" என்று வடக்குத் தெரு கேட்டது. தெற்குத் தெருவும் அதையே சொன்னது. இரண்டு தெருவும் ஒத்துப்போன இன்னொரு விஷயம் இது. சரி, போய்க் குளித்துவிட்டு ஓடிவாருங்கள் என்றால், குழாயில் தண்ணீர் வரவில்லை. தலைவர் இறந்த துக்கத்தில் தண்ணீர் திறக்கிறவர் மோட்டாரை நிறுத்திப் பூட்டிவிட்டு, மாலை வாங்கத் திருமங்கலம் போயிருந்தார்.

வேன்களும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் பொறுப்பாக யோசித்து, மதினியின் பிறந்த வீட்டு ஆட்களைக் கூட்டிவர டி. கல்லுப்பட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்.

அந்த வேனில்தான் மதினியின் அம்மா வந்துகொண்டிருந்தார். அண்ணன் போனுக்கு அழைப்பு வந்தது. வழியிலேயே அம்மா மயங்கிவிட்டாராம், திருமங்கலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். போனில் மதினியே பேசிப் பார்த்தார். "அம்மா, நான்தான்ம்மா பஞ்சு பேசுறேன்." பக்கத்தில் இருந்தவர்கள் காதில் வைத்தும் அந்த அம்மா நம்பவில்லையாம். அழாமல் இருப்பதற்காக யாரையோ மகள் மாதிரிப் பேச வைக்கிறார்கள் என்று சொல்லி இன்னும் அழுதாராம்.

மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனோடு மொபெட்டில் ஏறினார். "நேர்ல பாத்தாத்தான் எங்கம்மாவுக்கு உசுரு வரும். நீங்க போய்ப் பேசுங்க தம்பி. வேற எதுவும் சொல்லாட்டியும் பரவால்ல. ஊராட்சி இருக்கணும், பாதை வரணும். இத மட்டும் சொல்லிருங்க."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாகப் போயிருப்பேன்.

மண்டபத்துக்குள் நான் நுழைந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். அழுது வீங்கிய கண், தரையில் உருண்ட வெள்ளைச் சட்டை, தண்ணீர் தெளித்துக் கலைந்த தலை. பக்கத்து ஊராட்சிக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கி, மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். வரும் வழியில் அவரும் எங்கள் பிளெக்ஸ் தொங்கும் ரோட்டு முக்கைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்.

சடச்சிகுளம் என்று கூப்பிட்டதும் எழுந்தேன். "நீங்க தலைவரோட சொந்தமா?" என்று கேட்டார்.

"கொழுந்தன் சார். ஆனா வந்து..."

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மைக்கை வாங்கி, "சடச்சிகுளம் ஊராட்சி மன்றத் தலைவர் மறைவுக்கு எல்லாரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார்.

மண்டபமே எழுந்து நின்றது. மௌன அஞ்சலியின்போது வாயைத் திறக்கிறவனை இந்த நாட்டில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். நானும் தலையைக் குனிந்து நின்றேன், திருமங்கலத்தில் அவர் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற என் மதினிக்காக.

எல்லாரும் உட்கார்ந்ததும், "சார், அவங்க சாகல சார்" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மைதான் தம்பி. இந்த மாதிரி ஆளுங்க சாகுறதே இல்ல. நம்ம மனசுல இருப்பாங்க." மண்டபம் கைதட்டியது.

"இல்ல சார், அவங்க பாதைக்காகத்தான்..."

"எல்லாரும் ஒருநாள் போற பாதைதான் தம்பி. உக்காருங்க. யாராவது இவருக்குக் குடிக்கத் தண்ணி குடுங்கப்பா."

தோளைப் பிடித்து உட்கார வைத்து, வாயில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டார்கள். நான் விழுங்கி முடிப்பதற்குள் அவர் பக்கத்தில் இருந்த எழுத்தரிடம் சொல்வது மைக்கில் கேட்டது. "துக்கத்துல இருக்கிற ஊரத் தொந்தரவு பண்ண வேணாம். சடச்சிகுளம், ஆட்சேபணை சொல்ல யாரும் வரலைன்னு குறிச்சுக்குங்க. அடுத்த ஊர் வாங்க."

அடுத்த ஊர் மைக்கின் மேல் பாய்ந்தது. கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் அதிகாரியை மறித்து, மதினி உயிரோடு இருப்பதை முதலிலிருந்து விளக்கினேன். நிரூபிக்கலாம் என்றால் மதினியின் போன் பூட்டிய வீட்டுக்குள் கிடந்தது. அண்ணன் எடுக்கவில்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "அதிர்ச்சியில இப்படித்தான் இருக்கும். போய்க் கொஞ்சம் தூங்கி எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சாயங்காலம் ஊருக்கு வந்தேன். மதினி அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மா மகளின் கையை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விட்டால் மறுபடி போய்விடுவாள் என்கிற மாதிரி. நடந்ததை நான் சொல்லி முடித்தேன். அண்ணன்தான், "அவெங்க முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்கெ, நம்ம போயிருந்தாலும் இதான் நடந்திருக்கும்" என்றார். அவர் எனக்காகச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

வாசல் சுவரோரம் மாலைகள் குவிந்து கிடந்தன. சீனிச்சாமி மாலை, தண்ணீர் திறக்கிறவர் மாலை, கல்லுப்பட்டிக்காரர்கள் மாலை. துக்கத்துக்கு வாங்கிய மாலையை யாரும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார்கள். உயிரோடு இருக்கிறவர் கழுத்தில் போடவும் முடியாது. மதினி அம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தார். மாலைகளை அள்ளி எடுத்தார். நானும் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஊராட்சி அலுவலகத்து வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, பெயர்ப் பலகையின் மேல் ஒவ்வொன்றாக மாட்டினார். கடைசி மாலையை மாட்டும்போதுதான் அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "மதினி, என்னய நாலு சாத்து சாத்துங்க" என்றேன். "நாற்காலியப் பிடிங்க தம்பி, ஆடுது" என்றார்.

அதற்குப் பிறகு மதினி நேரில் போய் மனுக் கொடுத்துப் பார்த்தார். காலம் கடந்துவிட்டது என்றார்கள். வேன் வேனாக வந்த பக்கத்து ஊர் இன்றும் ஊராட்சியாகவே இருக்கிறது. நாங்கள் மாநகராட்சி ஆகிவிட்டோம். நகரவாசி என்பதற்கு அடையாளமாகத் தெருமுனையில் ஒரு குப்பைத்தொட்டி வந்திருக்கிறது. எங்கள் பிளெக்ஸ்களில் ஒன்று அண்ணன் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் கூரையாகக் கிடக்கிறது. மழைக்கு நன்றாகத் தாங்குகிறது என்று மதினி சொல்கிறார். வீட்டில் என் பெயர் 'அஞ்சலி'. என்ன விசேஷத்துக்கு நான் யோசனை சொல்ல வாயைத் திறந்தாலும், "யாரு படத்தையும் போட்றாதீங்க" என்று என் மனைவி கையெடுத்துக் கும்பிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். மதினியும் சிரிப்பார்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மழையில் மாரியம்மா அக்காவின் வீட்டுக்காரரை வாய்க்கால் வழியாகத்தான் கொண்டுபோனோம். நானும் தோள் கொடுத்தேன். சீனிச்சாமி அவர் வயல் வரப்பில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காரியம் முடிந்த மறுவாரம் மதினி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். இந்தப் பாதைக்காக அவர் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு ஜன்னலில் ஒரு புதுப் பையன்.

"நீங்க யாரும்மா?"

"சடச்சிகுளம் ஊராட்சித் தலைவர்."

அவன் கம்ப்யூட்டரில் தேடினான். "அப்படி ஒரு ஊராட்சியே இல்லையேம்மா."

"ஆமா தம்பி, அதுக்கு மாலை போட்டாச்சு" என்றார் மதினி. "அதே நாள்ல நானும்தான் செத்தேன். என்னயக் கொண்டு போகத்தான் இன்னும் பாதை வரல. அதான் அதுவரைக்கும் நடந்துக்கிட்டு இருக்கேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னான்.